எண்ணா, கண்ணா?

வேட்டைக்கான ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர்களை வரிசையாக அடுக்கிவைத்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் பெயரில் ஒட்டியிருக்கும் எண்தான். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் ஃப்யூரி எச்டி 5000. சிக் சாவர் நிறுவனத்தின் கிலோ வரிசையில் 3000, 6கே, 10கே என்று ஏறிக்கொண்டே போகிறது. அத்தனையும் கருவி லேசரால் அளக்கும் தூரத்தின் கஜக் கணக்கு. 5,000 கஜம் என்றால் நாலரை கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்தில் நிற்கும் மானை எந்த வேட்டைக்காரரும் சுடப்போவதில்லை. சுடுவதிருக்கட்டும், அங்கே நிற்பது மானா மரக்கட்டையா என்றே பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் உறுதியாகத் தெரியாது.

மறுபக்கம், ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி 2011இல் வெளியிட்ட இஎல் ரேஞ்ச் தனக்கென்று சொல்லிக்கொண்ட எல்லை 1,500 கஜம்தான். விலையோ ஃப்யூரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிறிய எண் போட்ட கருவிக்கு இவ்வளவு விலையா என்று வாங்க வருகிறவர் குழம்புகிறார். குழம்ப வேண்டிய இடம்தான் அது. எதை வாங்குவது என்ற கேள்விக்கான விடையில் பாதி அந்த இரண்டு எண்களுக்கு நடுவே கிடக்கிறது.

யாருக்காக எடைபோடுகிறோம் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களான கொலராடோ, வயோமிங், மொன்டானாவில் இலையுதிர்காலத்தில் உரிமம் எடுத்து, ரைஃபிளோடு எல்க் மானையும் மியூல் மானையும் தேடி மலையேறுகிறவர்தான் என் கணக்கில் உள்ள வேட்டைக்காரர். காலையில் ஒரு மேட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் கண்ணாடியால் துழாவுவார். விலங்கு தென்பட்டால் நெருங்குவார். சுடும் தூரம் பெரும்பாலும் 150 முதல் 400 கஜத்துக்குள் அமையும். விஸ்கான்சின், பென்சில்வேனியா காடுகளில் மரத்தின் மேல் பரண் கட்டி வெள்ளைவால் மானுக்குக் காத்திருப்பவரின் தேவை வேறு. ஜெர்மனியில் நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவரின் தேவை இன்னும் வேறு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நம் ஊர்க் காடுகளை இதற்குள் இழுக்கவில்லை.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்று கிளம்புகிறது. பெரும்பாலான கருவிகளில் அதன் அலைநீளம் 905 நானோமீட்டர். அது விலங்கின் மேல் பட்டுச் சிதறி, அதில் மிகச் சிறிய பங்கு திரும்பி வருகிறது. போய்வந்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ஒரு மீட்டர் தூரத்துக்குப் போய்வர ஒளிக்கு ஏறக்குறைய 6.7 நானோநொடி. இந்த நுட்பத்தைப் பைனாகுலருக்குள் அடக்கி வேட்டைக்காரர் கையில் முதலில் கொடுத்தது ஜெர்மனியின் லைக்கா, 1992இல், ஜியோவிட் என்ற பெயரில். அதற்கு முன் ஸ்கோப்பின் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே மானின் முதுகு முதல் மார்படி வரை எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்துத் தூரத்தை ஊகிப்பார்கள். அதுவும் இல்லையென்றால் வெறும் அனுபவம்.

திரும்பி வரும் ஒளி எவ்வளவு என்பதில்தான் விளம்பர எண்ணின் சூட்சுமம் இருக்கிறது. சாலையோரப் பெயர்ப்பலகையில் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புத் தாள், வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. பெட்டியில் அச்சிடும் 5,000 அதைப் போன்ற பரப்பை வைத்து எடுத்த எண். மானின் ரோமம் அப்படி இல்லை. ஒளியை உறிஞ்சும், நாலாபக்கமும் சிதறடிக்கும், நனைந்திருந்தால் இன்னும் மோசம். அதே ஃப்யூரிக்கு மானைப் பொறுத்தவரை அதன் நிறுவனமே தரும் எண் 1,600 கஜம். மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. வெயில் ஏறியபின் சூரிய ஒளி உணரியில் இரைச்சலாகச் சேர்வதால் எல்லை மேலும் சுருங்கும். லேசருக்குப் பிடித்த நேரம் விடியலும் அந்தியும்தான். நல்லவேளையாக மானுக்கும் அதுவே பிடித்த நேரம்.

அப்படியானால் பெரிய எண் வெறும் புளுகா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 5,000 கஜத்துப் பலகையைப் பிடிக்கும் கருவி, பனி படர்ந்து கண்கூசும் சரிவில் 450 கஜத்தில் நிற்கும் நனைந்த எல்க்கைத் தடுமாறாமல் பிடிக்கும். கையிருப்புத் திறன் என்று ஒன்று உண்டு; அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் மூன்று மடங்கு திறன் போதும் என்ற இடத்தில் பத்து மடங்குக்குக் காசு கொடுப்பவர், அந்தக் காசை எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரே விலைக்குள் எண்ணைப் பெருக்கினால் எங்கோ ஒன்றைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் சுருங்குவது கண்ணாடி.

தேவை என்று எதைச் சொல்கிறேன்? 6.5 கிரீட்மோர் ரைஃபிள், 140 கிரெயின் தோட்டா, 200 கஜத்துக்குக் குறி சரிசெய்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று மேற்கு மாநிலங்களில் சர்வசாதாரணமான ஏற்பாடு இது. 300 கஜத்தில் தோட்டா ஏறக்குறைய 7, 8 அங்குலம் தாழும். 400இல் 22 அங்குலம். 500இல் 45 அங்குலத்தை ஒட்டி. இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி மியூல் மானுக்குச் சுமார் 10 அங்குல வட்டம். எல்க்குக்கு அதைவிடப் பெரியது. இப்போது தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு 50 கஜம் பிசகிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். 200 கஜம் என்று நினைத்த மான் 250இல் நின்றால் குறி 3 அங்குலம் தாழும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. 400 என்று நினைத்தது 450இல் நின்றால் கூடுதலாக 10 அங்குலம் தாழும். நடு மார்புக்குக் குறிவைத்த தோட்டா முன்னங்காலில் பட்டு, விலங்கு காயத்தோடு காட்டுக்குள் போய்விடும்.

ஆக, 250 கஜத்துக்குள் இந்தக் கருவி இல்லாமலேயே காலம் தள்ளலாம். 500க்கு அப்பால் தூரம் சரியாகத் தெரிந்தும் பயனில்லை. ஏனென்றால் அங்கே ஆட்சி செய்வது காற்று. மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக்காற்று இதே தோட்டாவை 400 கஜத்தில் சுமார் 10 அங்குலம் ஒதுக்கும், 600இல் இரண்டடி. சுடுகிறவர் நிற்கும் இடத்துக் காற்று ஒன்று, நடுப் பள்ளத்தாக்கின் காற்று ஒன்று, எதிர்ச்சரிவின் காற்று இன்னொன்று. கடையில் விற்கும் எந்த வேட்டைப் பைனாகுலரும் வழியெல்லாம் வீசும் அந்தக் காற்றை அளப்பதில்லை. 500 கஜம் போய்ச்சேரத் தோட்டாவுக்கு அரை நொடிக்கும் மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிடலாம். தூரத்தில் ஒரு கஜம்கூடப் பிசகாத கருவி கையில் இருப்பது, மற்றவையும் பிசகாது என்ற பொய்த் தெம்பைத் தருகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய உறுத்தல் இதுதான். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற வேட்டை நெறியை நெடுங்காலமாக வலியுறுத்துவது. தொலைதூரச் சூட்டைப் பற்றிய தன் கவலையையும் அது வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வேட்டையை வெறுப்பவர்கள் சொன்னதல்ல, வேட்டைக்காரர்களே சொன்னது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

எனவே கருவியின் உண்மையான வேலைக்களம் 250 முதல் 500 கஜம் வரையிலான ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் எது சிறந்தது என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்டவுடன் எண்ணின் ஆதிக்கம் குலைந்து, பெட்டியில் அச்சிடாத இரண்டு விஷயங்கள் முன்னால் வருகின்றன.

ஒன்று லேசர் கற்றையின் அகலம். கற்றை நூல்பிடித்தாற்போலப் போவதில்லை, போகப்போக விரிகிறது. ஒரு மில்லிரேடியன் விரிவு என்றால் 500 மீட்டரில் அரை மீட்டர் அகலம். இரண்டரை மில்லிரேடியன் என்றால் ஒன்றேகால் மீட்டர். மியூல் மானின் உடல், முதுகு முதல் மார்படி வரை, அரை மீட்டருக்கும் குறைவு. அகலக் கற்றையில் பாதி மானின் மேல் படும், மீதி முன்னாலுள்ள சேஜ் புதரிலும் பின்னாலுள்ள பாறையிலும் படும். கருவிக்கு மூன்று தூரங்கள் திரும்பி வரும். எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பது அதன் மென்பொருள். முதலில் பட்டதைக் காட்டும் முறை, கடைசியில் பட்டதைக் காட்டும் முறை என்று சில கருவிகளில் மாற்றிக்கொள்ளலாம். புதருக்குப் பின்னால் நிற்கும் விலங்குக்குக் கடைசி முறை உதவும், மலைமுகட்டில் நிற்பதற்கு முதல் முறை. மூடுபனியில் எந்த முறையும் சில நேரம் கைவிரிக்கும்: பனித்திவலையையே பொருளாக நினைத்து 40 கஜம் என்று காட்டும். கற்றையின் விரிவைச் சொல்லாத நிறுவனத்தின் தூர எண்ணை நான் பாதிக்குத்தான் மதிப்பேன்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வட்டமும் கண்ணுக்குத் தெரியாத கற்றையும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது. பல பைனாகுலர்களில் ஒரு குழலில் லேசர் புறப்படுகிறது, மறு குழலில் திரும்பி வந்ததைப் பிடிக்கிறார்கள். நடுக் கீல் மடங்கினாலும் நிமிர்ந்தாலும் இரண்டும் இணையாகவே இருக்க வேண்டும். பாறையில் ஒருமுறை பலமாக மோதினால் போதும், படம் பார்க்க நன்றாகவே இருக்கும், கற்றை மட்டும் விலகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு விளக்குக் கம்பம், அதன் பின்னால் தொலைவில் ஒரு குன்று. வட்டத்தை இடமிருந்து மெல்ல நகர்த்திக் கம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். எண் எப்போது குன்றிலிருந்து கம்பத்துக்குத் தாவுகிறது என்று கவனியுங்கள். பிறகு வலமிருந்து. மேல்கீழ் பார்க்க ஒரு கூரை விளிம்பு போதும். தாவல் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால் கருவி நேர்மையானது. 3,000 டாலர் கருவிகளிலும் இதைச் செய்துபார்க்காமல் வாங்கக் கூடாது.

சரிவுக் கோணத்தைப் பற்றி விளம்பரங்கள் போடும் சத்தம் கொஞ்சம் அதிகம். 30 பாகை சரிவில் 400 கஜத்தில் நிற்கும் மானுக்கு, 346 கஜத்துக்குரிய தாழ்வைக் கணக்கிட்டுத்தான் சுட வேண்டும். கோணத்தை மறந்தால் தோட்டா 8 அங்குலம் மேலே போகும். உண்மைதான். ஆனால் 400 கஜத்தில் 30 பாகை என்றால் உயர வேறுபாடு 600 அடி. ஆல்ப்ஸில் ஷாமோய் ஆட்டுக்கும் ராக்கி மலையின் காட்டாட்டுக்கும் அது பொருந்தும். எல்க் வேட்டையில் அடிக்கடி வருவது 10, 15 பாகை. 15 பாகையில் 400 என்பது 386 ஆகும். வேறுபாடு இரண்டு மூன்று அங்குலம். கோணத் திருத்தம் இருக்க வேண்டும், ஆனால் அதற்காகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இன்று கொஞ்சம் கௌரவமான எல்லாக் கருவியிலும் அது உண்டு.

இனி கண்ணாடி. நாள் முழுவதும் மலையில் இருப்பவர் கண்ணாடி வழியே பார்ப்பது பல மணி நேரம். லேசர் பொத்தானை அழுத்துவது சில நொடி. விலங்கைக் கண்டுபிடிக்காதவருக்கு அளக்க ஒன்றுமில்லை. இவ்வளவு வெளிப்படையான உண்மையை விலைப்பட்டியல் எப்படியோ மறக்கடித்துவிடுகிறது.

ஒரு சாதாரணப் பைனாகுலருக்குள் லேசரையும் திரையையும் நுழைக்கும்போது கண்ணாடி ஏதாவது ஒன்றை இழக்கிறது. எண்ணைக் காட்ட ஒளிப்பாதையில் திரவப்படிகத் தகடு வைத்தால் படம் சற்று மங்கும். கடுங்குளிரில் எழுத்துகளும் சோம்பும். அதனால் நல்ல கருவிகள் ஒளிரும் திரையைப் பக்கவாட்டில் வைத்து, அதன் சிவப்பை மட்டும் கண்ணை நோக்கித் திருப்பும் பூச்சு ஒன்றைப் பட்டகத்தின் மேல் ஏற்றுகின்றன. அந்தப் பூச்சு வெளியிலிருந்து வரும் படத்தின் சிவப்பிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். விளைவு, அந்தக் குழலில் படம் லேசாக நீலப்பச்சை ஓடித் தெரியும். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் சில கருவிகளில் இது பளிச்சென்று தெரியும். அழகுக் குறைதானே என்று தள்ளிவிட முடியாது. எல்க்கின் உடல் செம்பழுப்பு. அது நிற்கும் புல் காய்ந்த மஞ்சள். பின்னணி கரும்பச்சை மரங்கள். சிவப்பு குறையும் கண்ணாடி, பிரித்துக் காட்ட வேண்டிய ஒரே வேறுபாட்டைத்தான் மழுக்குகிறது. விலை உயர்ந்த கருவிகளில் இந்த நிற ஓட்டம் குறைவு, மலிவானவற்றில் கூடுதல். 3,000 டாலருக்கும் 1,200 டாலருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

மடங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 10x42. 42 மில்லிமீட்டர் லென்ஸைப் பத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளித்தூணின் விட்டம் 4.2 மில்லிமீட்டர். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் சட்டப்படி சுடலாம் என்ற நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி மறைவுக்கு அரை மணி பின்னால் முடிகிறது. அந்த அரையிருட்டுக்கு 4.2 போதும். 10x32 கருவியில் அது 3.2 ஆகச் சுருங்கும். எடை குறைவதால் கவர்ச்சிதான், ஆனால் நாளின் மிக மதிப்புள்ள இருபது நிமிடங்களை அது விலையாகக் கேட்கிறது. 8x56 ஜெர்மன் பன்றி வேட்டைக்காரருக்கு, இருட்டுக்கு. அவர் சுடுவதோ பெரும்பாலும் நூறு மீட்டருக்குள். ரேஞ்ச்ஃபைண்டர் எதற்கு என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்து பலரும் கேட்கும் கேள்வி: ஏன் ஒன்றாக வாங்க வேண்டும்? நல்ல சாதாரணப் பைனாகுலர் ஒன்று, 200 கிராம் எடையில் ஒற்றைக்கண் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று என்று பிரித்து வாங்கினால் என்ன? பணக் கணக்கில் இது வலுவான வாதம். 1,400 டாலருக்கு ஒருங்கிணைந்த நடுத்தரக் கருவி ஒன்று வாங்குவதற்குப் பதில், 1,000 டாலருக்குத் தெளிவான கண்ணாடியும் 400 டாலருக்கு நல்ல ஒற்றைக்கண்ணும் வாங்கினால் நாள் முழுவதும் மேலான படம் கிடைக்கும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். இன்னொன்றும் உண்டு: நல்ல கண்ணாடி முப்பது ஆண்டு உழைக்கும், அதற்குள் இருக்கும் மின்னணு பத்து ஆண்டில் பழங்காலத்துப் பொருளாகிவிடும். இரண்டையும் ஒரே உடலில் பூட்டினால் சீக்கிரம் மூப்படையும் பாகமே முழுக் கருவியின் ஆயுளையும் முடிவுசெய்யும். உத்தரவாதச் சீட்டைப் படித்தால் நிறுவனங்களுக்கும் இது தெரியும் என்பது புலப்படும். பல நிறுவனங்கள் மின்னணுப் பாகத்துக்குக் கண்ணாடியைவிடக் குறைந்த காலமே பொறுப்பேற்கின்றன.

ஒருங்கிணைந்த கருவிக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது வசதி: ஒன்றை இறக்கி இன்னொன்றை எடுக்கும் அசைவு மிச்சம். அது அவ்வளவு பெரிய காரணமாக எனக்குப் படவில்லை. அதைவிட ஆழமான காரணம் ஆட்டமின்மை. ஒற்றைக்கண் கருவியை ஒரு கையால், மூச்சிரைப்போடு, நெற்றியில் அழுத்திப் பிடித்து 450 கஜத்தில் உள்ள மானின் மேல் வட்டத்தை நிறுத்த முயல்பவருக்குத் தெரியும், வட்டம் மானைச் சுற்றி நடனமாடும். மூன்று முறை அழுத்தினால் மூன்று எண் வரும். இரண்டு கையாலும் பிடித்த, இன்னும் மேலாக முக்காலியில் பூட்டிய, ஒரு கிலோவை ஒட்டிய பைனாகுலர் அசையாது. லேசரின் துல்லியம் ஒரு கஜம் என்று அறிக்கை சொல்லலாம். அந்தத் துல்லியத்தை மானின் மேல் கொண்டுபோய் வைப்பது முக்காலிதான். மேற்கு மாநில வேட்டைக்காரர்கள் முக்காலியில் கண்ணாடியைப் பூட்டிப் பார்க்கும் பழக்கம் வேரூன்றிய இடத்தில்தான் இந்தக் கருவிகளும் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. இன்னொரு பயன், விலங்கு வருமுன்பே எதிரிலுள்ள பாறை, தனிமரம், பனித்திட்டு என்று ஒவ்வொன்றின் தூரத்தையும் துழாவும்போதே அளந்து வைத்துக்கொள்ளலாம்; தனிக் கருவியாக இருந்தால் அதைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பல் வந்துவிடும்.

இப்போது கடந்த சில ஆண்டுகளின் புதுமை: பைனாகுலருக்குள்ளேயே தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் மென்பொருள். லைக்கா ஜியோவிட் ப்ரோ, சிக் சாவரின் மேல்வரிசை, ஃப்யூரியின் ஏபி வகை ஆகியவற்றில் அப்ளைட் பாலிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கணிப்பு முறை இருக்கிறது. சைஸ் நிறுவனத்தின் விக்டரி ஆர்எஃப் தன் சொந்தக் கணிப்பைக் கைப்பேசிச் செயலியோடு இணைத்துத் தருகிறது. வெப்பம், காற்றழுத்தம், கோணம் எல்லாவற்றையும் உள்ளுணரிகள் எடுத்துக்கொண்டு, ஸ்கோப்பை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்றே கண்ணுக்குள் எழுதிவிடும். கணிதம் சரியானது, அதில் குறை சொல்ல முடியாது. குறை அதற்கு நாம் ஊட்டும் தரவில். உங்கள் துப்பாக்கியின் வாய்வேகத்தை அளக்காமல், தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் போட்டால் விடையும் பெட்டியில் அச்சிட்ட துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். முறையாக அளந்து, பல தூரங்களில் சுட்டுச் சரிபார்த்து வைப்பவருக்கு இது அருமையான துணை. அவ்வளவு உழைக்கிறவர் 500 கஜம் வரைக்கான தாழ்வுகளை ஒரு சிறு சீட்டில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். கடல்மட்டத்தில் எழுதிய சீட்டு 9,000 அடி உயரத்தில் சில அங்குலம் தவறும் என்பது உண்மை; வேட்டையாடப்போகும் உயரத்துக்கே சீட்டை எழுதினால் அதுவும் தீர்ந்தது. சீட்டுக்கு பேட்டரி வேண்டாம். கணிப்பு மென்பொருள் உண்மையில் தேவைப்படத் தொடங்குவது 500க்கு அப்பால். அங்கேதான் காற்று அதன் பயனைப் பறித்துக்கொள்கிறது என்று முன்னமே பார்த்தோம்.

சட்டமும் ஒரு வரம்பு போடுகிறது. ஐடஹோ போன்ற சில மாநிலங்களில் துப்பாக்கியோடு இணைத்த மின்னணுக் கருவிகளுக்குத் தடை உண்டு. கையில் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அல்ல. எனவே பைனாகுலரோடு புளூடூத்தில் பேசித் தானாகக் குறிப்புள்ளியை ஏற்றும் ஸ்கோப்புக்குக் காசு கொடுக்குமுன் வேட்டைக்குப் போகும் மாநிலத்தின் விதிப்புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

புதுமைகளில் ஒன்றை மட்டும் நான் தயக்கமின்றிப் பாராட்டுவேன். ஸ்வரோவ்ஸ்கி இஎல் ரேஞ்ச் டிஏ வகையில் இருக்கும் தடம்காட்டி. அடிபட்ட இடத்தைச் சுட்ட இடத்திலிருந்தே அளந்து குறித்துக்கொண்டால், பள்ளத்தாக்கைக் கடந்து போன பிறகு அந்த இடத்துக்குத் திசை காட்டும். எதிர்ச்சரிவில் அடையாளம் வைத்த மரம் கிட்டே போனால் நூறு மரங்களில் ஒன்றாகிவிடுவதும், அந்தி மங்குவதும், காயம்பட்ட விலங்கைத் தேடித் தவிப்பதும் வேட்டையின் மோசமான பகுதி. உள்ளிருக்கும் திசைகாட்டி இரண்டு பாகை பிசகினாலும் 400 மீட்டரில் 14 மீட்டர்தான் விலகும்; ரத்தத் தடத்தைத் தேடத் தொடங்க அது போதும். இதுவரை வந்த மின்னணு வசதிகளில் விலங்கின் பக்கம் நின்று யோசித்தது இது ஒன்றுதான்.

என் தீர்ப்பு இனி. 250 கஜத்துக்குள் சுடுகிறவர், மரப்பரணில் இருப்பவர், இந்தக் கருவியை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல சாதாரணக் கண்ணாடி வாங்கட்டும். வில்லோடு போகிறவருக்கும் இது பொருந்தாது. அவருடைய தூரம் 20, 30 கஜம். முதல் தலைமுறை இஎல் ரேஞ்சோ 33 கஜத்துக்குக் கீழே அளப்பதே இல்லை. மலைச் சரிவில் ரைஃபிளோடு போகிறவரிடம் 1,500 டாலர்தான் இருக்கிறதென்றால் இரண்டாகப் பிரித்தே வாங்க வேண்டும். ஃப்யூரியும் கிலோவும் லேசரில் யாருக்கும் குறைந்தவையல்ல. ஆனால் விலையில் பெரும்பங்கை லேசருக்கே கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய கண்ணாடியில் சமரசம் செய்துகொள்கின்றன. ஒற்றைக்கண்ணின் ஆட்டத்தை முதுகுப்பையின் மேலோ முக்காலியின் தலையிலோ ஊன்றிப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம்; மங்கிய கண்ணாடியைச் சமாளிக்க வழி கிடையாது.

அதற்கு மேல் செலவிட முடிந்தவருக்கு ஒருங்கிணைந்த கருவியே சரி. அவற்றில் கண்ணாடியை மட்டும் பார்த்தால் முதலிடம் இஎல் ரேஞ்சுக்கு. தடம்காட்டி வேண்டும் என்பவர் அதையே வாங்கலாம், குறைசொல்ல மாட்டேன். எல்லாம் ஒன்றில் வேண்டும், தன் தோட்டாவின் வேகத்தை அளந்து வைத்திருக்கிறேன், பயிற்சியும் இருக்கிறது என்பவருக்கு ஜியோவிட் ப்ரோவும் விக்டரி ஆர்எஃபும் ஏறக்குறைய சமம். கையில் பிடித்துப் பார்த்து எது உட்காருகிறதோ அது. ஆனால் என் வாக்கு இவை மூன்றுக்கும் அல்ல, ப்ரோவைவிட விலை குறைந்த லைக்கா ஜியோவிட் ஆர் 10x42க்கு. தூரத்தையும் கோணம் திருத்திய தூரத்தையும் சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொள்கிறது. 250 முதல் 500 கஜம் என்ற பட்டைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மிச்சப்படும் பணத்துக்கு ஓர் உறுதியான முக்காலியும் பயிற்சிக்குப் பல பெட்டித் தோட்டாவும் வரும்.

இந்தத் தீர்ப்பு பொருந்தாத ஒருவர் உண்டு. அரிசோனாவின் வறண்ட மலைகளில் கூஸ் மானைத் தேடுகிறவர் 15x56 கண்ணாடியை முக்காலியில் வைத்து ஒரு மைலுக்கு அப்பாலுள்ள புதர்களைத் துழாவுவார். அவருக்குப் பத்து மடங்கு போதாது. அவர் பெரிய கண்ணாடியைத் தனியாக வைத்துக்கொண்டு கழுத்தில் 10x42 ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலரை மாட்டிக்கொள்வது வழக்கம்; செலவு இரட்டிப்பாகும். பழைய கருவிகள் கைமாறும் சந்தை அவரைப் போன்றவர்களுக்கு உதவும். முதல் தலைமுறை இஎல் ரேஞ்ச் புளூடூத் இல்லாத காரணத்தாலேயே மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், சுடும் தூரத்துக்கு 1,500 கஜம் தாராளம். பேட்டரி மூடியின் உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, திரையின் எழுத்துகள் முழுமையாக எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, கம்பத்துச் சோதனையை விற்பவரின் முன்னாலேயே செய்துவிட வேண்டும்.